கட்டைவிரலும் மணிக்கட்டும்

ஆடுபவரின் கண்ணே கேமரா. திரையின் நடுவில் ஒரு குறி. அந்தக் குறியை எதிரியின் மேல் கொண்டுபோய் நிறுத்திச் சுட வேண்டும். முதல் நபர் ஷூட்டர் கேம்களின் சாரம் இவ்வளவுதான். ஆனால் அந்தக் குறியை எதனால் நகர்த்துவது என்பதில் கன்சோல் ஆட்டக்காரர்களிடையே கால் நூற்றாண்டாக வழக்கு ஓடுகிறது. இரண்டு ஸ்டிக் போதும் என்கிறது ஒரு தரப்பு. கன்ட்ரோலரையே சாய்த்துக் குறிபார்க்கும் கைரோ இல்லாமல் முடியாது என்கிறது இன்னொன்று. மவுஸைத் தவிர மற்றதெல்லாம் வீண் என்கிறார்கள் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள்.

ஒவ்வொரு தரப்பும் தன் பழக்கத்தையே சாட்சிக்கு அழைக்கிறது. பழக்கத்துக்கு வலிமை உண்டு, மறுக்க முடியாது. ஆனால் இந்த வழக்கில் அதைவிடப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. மனிதக் கை ஓர் இலக்கை எப்படிச் சென்றடைகிறது என்பதை நூறு வருடங்களுக்கும் மேலாக அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த அளவுகளோடு பார்த்தால், எது சிறந்தது என்ற கேள்வியே வேறு உருவம் எடுக்கிறது: எந்த வேலையைக் கட்டைவிரலிடம் கொடுப்பது, எதை மணிக்கட்டிடம் கொடுப்பது, எதை மென்பொருளிடம் விடுவது?

பாய்ச்சலும் திருத்தமும்

1899-இல் ராபர்ட் உட்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளர் கையசைவின் துல்லியம் குறித்து ஓர் ஆய்வை வெளியிட்டார். இலக்கை நோக்கிப் போகும் கைக்கு இரண்டு கட்டங்கள் உண்டு என்று அதில் காட்டினார். முதலில் ஒரே வீச்சில் இலக்கின் பக்கத்தில் போய்விடும் பாய்ச்சல். பிறகு, கண் பார்த்துச் சொல்லச் சொல்ல, சின்னச் சின்னத் திருத்தங்களோடு இலக்கின் மேல் போய் நிற்கும் கட்டம். மேஜை மேல் இருக்கும் பேனாவை எடுப்பதிலிருந்து ஊசியில் நூல் கோப்பது வரை நாம் செய்வது இதையேதான்.

1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு கணக்கு கொடுத்தார். அருகருகே வைத்த இரண்டு உலோகத் தகடுகளை ஒரு கோலால் மாறி மாறித் தட்டச் சொன்னார். தகடுகளின் அகலத்தையும் அவற்றுக்கு இடையிலான தூரத்தையும் மாற்றி மாற்றி நேரத்தை அளந்தார். தூரத்தின் இருமடங்கை இலக்கின் அகலத்தால் வகுத்து, இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுத்தால் வருவதுதான் அந்த வேலையின் கடின அளவு. அதன் அலகு பிட். பிட் ஏற ஏற, எடுக்கும் நேரமும் சீராக ஏறுகிறது.

இதைக் கேமுக்குள் வைத்துப் பார்ப்போம். எதிரி நமக்கு வலப்பக்கம் 90 டிகிரியில் நிற்கிறான். நம் பார்வையில் அவன் உருவம் 1 டிகிரி அகலம். கடினம் சுமார் 7.5 பிட். அவன் இன்னும் அருகில் வந்து உருவம் 2 டிகிரி ஆகிவிட்டால் 6.5 பிட். இலக்கின் அகலம் இரட்டித்தால் ஒரு பிட் குறையும், தூரம் பாதியானாலும் ஒரு பிட் குறையும். கன்சோல் ஷூட்டர்களில் இதுவரை வந்த ஏற்பாடுகள் பலவும் இந்த இரண்டு எண்களில் ஒன்றைத்தான் மாற்றப் பார்க்கின்றன.

இடமா, வேகமா?

மவுஸை 10 சென்டிமீட்டர் நகர்த்தினால் பார்வை 90 டிகிரி திரும்பும்படி வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். 5 சென்டிமீட்டர் நகர்த்தினால் 45 டிகிரி. கை நின்றால் பார்வையும் நின்றுவிடும். கையின் இடம்தான் பார்வையின் இடம். பொறியாளர்கள் இதை இடக் கட்டுப்பாடு என்பார்கள்.

ஸ்டிக் அப்படி வேலை செய்வதில்லை. அதைச் சாய்த்தால் பார்வை திரும்பத் தொடங்கும். சாய்த்தே பிடித்திருந்தால் திரும்பிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகம். கட்டைவிரல் சொல்வது வேகத்தை மட்டும்தான். எங்கே நிற்பது என்பதை நேரத்தை வைத்து நாம்தான் கணிக்க வேண்டும். இது வேகக் கட்டுப்பாடு. பஸ்ஸை நிறுத்தத்தில் சரியாக நிறுத்த, அது வருவதற்கு முன்பே டிரைவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதைப் போன்றது.

கணக்கு போட்டால் இதன் கஷ்டம் புரியும். ஸ்டிக்கை முழுதாகச் சாய்த்தால் நொடிக்கு 240 டிகிரி திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 டிகிரி திரும்ப 0.375 நொடி போதும். ஆனால் கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் நகர மனிதருக்குச் சுமார் 0.2 நொடி ஆகிறது. அந்த 0.2 நொடிக்குள் பார்வை 48 டிகிரி ஓடிவிடும். எதிரியைப் பார்த்தபின் விரலை எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பார்ப்பதற்கு முன்பே எடுத்தாக வேண்டும்.

சரி, சென்சிடிவிட்டியைக் குறைத்து நொடிக்கு 60 டிகிரி என்று வைப்போம். இப்போது முதுகுக்குப் பின்னால் இருப்பவனைப் பார்க்கத் திரும்புவதற்குள் மூன்று நொடி போய்விடும், நம் கதையும் முடிந்துவிடும். அந்த வேகத்தில்கூட, நொடிக்கு 60 படம் காட்டும் கேமில் ஒவ்வொரு படத்துக்கும் பார்வை 1 டிகிரி தாண்டுகிறது. 1 டிகிரி அகல எதிரி ஒரே ஒரு படத்தில் குறிக்குள் வந்து போய்விடுவான். இந்த வேகம் முழுவதையும், பூஜ்ஜியத்திலிருந்து உச்சம் வரை, ஸ்டிக் மேற்புறத்தின் சிறிய நகர்வுக்குள் கட்டைவிரல் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

1978-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கார்ட், வில்லியம் இங்கிலிஷ், பெட்டி பர் மூவரும் திரையிலுள்ள எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க எது வேகம் என்று சோதித்தார்கள். மவுஸோடு போட்டியிட்ட கருவிகளில் வேகக் கட்டுப்பாட்டு ஜாய்ஸ்டிக்கும் ஒன்று. மவுஸ் வென்றது. அதன் வேகம் வெறும் கையின் எல்லைக்கு மிக அருகில் இருந்தது. மவுஸை இன்னும் பெரிதாக மேம்படுத்த வழியில்லை என்பதுதான் அதன் பொருள். கன்சோல் ஷூட்டர்களை வடிவமைத்தவர்களின் முன்னால் இருந்தது இந்த மலைதான்: சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவரின் கையில் மவுஸுக்கு இடமே இல்லை.

ஒரே ஒரு ஸ்டிக்

1997-இல் நின்டெண்டோ 64 கன்ட்ரோலரில் இருந்தது ஒரு ஸ்டிக், மஞ்சள் நிறத்தில் நான்கு சி பட்டன்கள், அடிப்பக்கம் இசட் என்ற ட்ரிகர். அந்த வருடம் வந்த இரண்டு கேம்கள் இதை இரண்டு விதமாகப் பங்கிட்டன. 'டூரோக்: டைனோசர் ஹண்டர்' ஸ்டிக்கைப் பார்வைக்குக் கொடுத்து, நடையைச் சி பட்டன்களிடம் விட்டது. ரேர் நிறுவனத்தின் 'கோல்டன்ஐ 007' நேர்மாறாக, முன்னே போவதையும் பக்கவாட்டில் திரும்புவதையும் ஸ்டிக்கிடம் கொடுத்தது. மேலே கீழே பார்ப்பதும் நண்டு போலப் பக்கவாட்டில் நகர்வதும் பட்டன்களுக்குப் போயின.

கோல்டன்ஐயில் கவனிக்க வேண்டிய நுட்பம் இன்னொன்று. ஆர் பட்டனைப் பிடித்தால் நடை நின்று திரையில் குறி தோன்றும். அந்த நேரத்தில் ஸ்டிக்கைச் சாய்த்த அளவுக்குக் குறி திரையில் விலகி நிற்கும், விட்டால் நடுவுக்கு வந்துவிடும். திரையின் ஓரத்தை எட்டினால் மட்டுமே பார்வை சுழலும். அதாவது நடக்கும்போது வேகக் கட்டுப்பாடாக இருந்த அதே ஸ்டிக், குறிபார்க்கும்போது இடக் கட்டுப்பாடாக மாறிவிடுகிறது. நின்றுதான் இப்படிக் குறிபார்க்க முடியும் என்பது அதற்குக் கொடுத்த விலை. நடக்கும்போது சுட்டால் கேமே குறியை ஓரளவு எதிரி பக்கம் இழுத்துக் கொடுத்தது.

அதே கேமில், ஆளுக்கு இரண்டு கன்ட்ரோலர் பிடித்து, ஒரு ஸ்டிக்கில் நடந்து மற்றதில் பார்க்கும் முறைகளும் மெனுவில் இருந்தன. சீக்கிரம் உலகம் முழுதும் பழகப்போகிற முறை அங்கே ஒரு விருப்பத் தேர்வாக ஒதுங்கிக் கிடந்தது.

இரண்டு கட்டைவிரல்கள்

1997 கடைசியில் ஜப்பானில் சோனி வெளியிட்ட டூயல்ஷாக்கில் இரண்டு ஸ்டிக்கும் ஒரே கன்ட்ரோலருக்குள் இருந்தன. 2000-இல் ஆர்கோனாட் கேம்ஸ் நிறுவனத்தின் 'ஏலியன் ரெசரக்‌ஷன்' பிளேஸ்டேஷனில் இடது ஸ்டிக்குக்கு நடையையும் வலது ஸ்டிக்குக்குப் பார்வையையும் கொடுத்தது. இன்று நமக்கு மூச்சுவிடுவதுபோல இயல்பாகிவிட்ட இந்த ஏற்பாட்டை அன்று விமர்சனத்தில் பெரிய குறையாக எழுதினார்கள். பழக்கத்தின் சாட்சியத்தை ஏன் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2001 நவம்பரில் முதல் எக்ஸ்பாக்ஸோடு வந்த பஞ்ஜி நிறுவனத்தின் 'ஹேலோ' அதே பங்கீட்டை எல்லோருக்கும் பிடித்ததாக ஆக்கியது. வலது ட்ரிகரில் துப்பாக்கி, இடது ட்ரிகரில் கையெறி குண்டு. 2007-இல் 'கால் ஆஃப் டூட்டி 4' இன்னொரு பெரிய வழக்கத்தை நிலைநிறுத்தியது. இடக்கைப் பட்டனை அழுத்தினால் துப்பாக்கி கண்ணருகே உயரும், காட்சி நெருங்கும், நடை தளரும், பார்வை திரும்பும் வேகமும் குறையும். ஸ்டிக்குக்கு இதனால் இரண்டு வேகங்கள் கிடைத்தன: பாய்ச்சலுக்கு ஒன்று, திருத்தத்துக்கு ஒன்று. உட்வொர்த் சொன்ன இரண்டு கட்டங்களும் ஒரு பட்டனின் இரு நிலைகளாகிவிட்டன.

இந்தப் பங்கீட்டில் ஒரு நெருக்கடி மிச்சம் இருக்கிறது. குதிக்கவும் தோட்டா நிரப்பவும் வேண்டிய பட்டன்கள் வலக் கட்டைவிரலுக்கே வருகின்றன. குதிக்கும் கணத்தில் விரல் ஸ்டிக்கை விட்டுவிடுகிறது, குறி அனாதையாகிறது. இதற்காகத்தான் குதிப்பதைத் தோள்பட்டன்களுக்கு மாற்றும் அமைப்புகளும், கன்ட்ரோலரின் முதுகில் கூடுதல் நெம்புகோல்களும் வந்தன. 2015-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் எலைட் கன்ட்ரோலரில் அவை நான்கு.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது கை

இரண்டு ஸ்டிக் வென்றது ஸ்டிக்கால் மட்டும் இல்லை. அதோடு சேர்ந்து வந்த எய்ம் அசிஸ்டுக்கும் அந்த வெற்றியில் பாதிப் பங்கு உண்டு. அதில் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, குறி எதிரியின் மேல் வந்ததும் ஸ்டிக்கின் வேகத்தைக் குறைப்பது. இரண்டாவது, எதிரி நகர்ந்தால் பார்வையையும் அவனோடு சற்றே இழுத்துச் செல்வது. மூன்றாவது, கொஞ்சம் விலகிச் சுட்டாலும் தோட்டாவை இலக்கின் பக்கம் வளைப்பது.

முதல் வேலையை ஃபிட்ஸின் கணக்கில் வைத்துப் பாருங்கள். எதிரியின் மேல் வேகம் பாதியானால், அவனைக் கடக்க விரலுக்கு இருமடங்கு நேரம் கிடைக்கிறது. திரையில் அவன் அகலம் மாறவில்லை. விரலுக்கு மட்டும் இருமடங்கு அகலமானவனாகத் தெரிகிறான். ஏறக்குறைய ஒரு பிட் சுமை இறங்கிவிட்டது. நன்றாகச் செய்யப்பட்ட அசிஸ்டை ஆடுபவர் உணர்வதே இல்லை, தன் கை நன்றாக இருக்கிறது என்றுதான் நினைப்பார். நல்ல வடிவமைப்புக்கு அதுவே அடையாளம்.

இரண்டாவது வேலைதான் சண்டைக்குக் காரணம். எதிரி திடீரெனத் திசை மாறினால் மவுஸ்காரர் அதைப் பார்த்து உணர 0.2 நொடி வேண்டும். மென்பொருளுக்கு அடுத்த படம் போதும், 60 படக் கேமில் அது 0.017 நொடி. கன்சோலும் கம்ப்யூட்டரும் ஒரே களத்தில் மோதும் 'ஃபோர்ட்நைட்', 'வார்ஸோன்' போன்ற கேம்களில் அருகிலிருந்து சுடும் சண்டைகளில் கன்ட்ரோலருக்குச் சலுகை என்று மவுஸ்காரர்கள் குறைப்படுவது இதனால்தான். தூரத்துச் சண்டையில் மவுஸின் கை ஓங்குகிறது என்று கன்ட்ரோலர்காரர்கள் சொல்வதும் அதே அளவுக்கு உண்மை. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. இரண்டு கருவிகளின் பலமும் வேறுவேறு தூரங்களில் இருக்கிறது.

குறிபார்ப்பதையே விட்டுவிட்டால்?

2002-இல் கேம்கியூப் கன்சோலில் வந்த ரெட்ரோ ஸ்டுடியோஸின் 'மெட்ராய்டு பிரைம்' துணிச்சலான விடை ஒன்றைச் சொன்னது. எல் பட்டனைப் பிடித்தால் பார்வை எதிரியோடு பூட்டிக்கொள்ளும். குறிபார்க்கும் வேலையைக் கேமே ஏற்றுக்கொள்ள, எப்போது விலகுவது, எந்த ஆயுதத்தை எடுப்பது என்பதில் ஆடுபவரின் கவனம் முழுவதும் போகிறது. தேடி அலைவதே உயிராக இருக்கும் அந்தக் கேமுக்கு இது மிகப் பொருத்தம். பத்துப் பேர் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் போட்டிக்கு இது உதவாது, அங்கே குறிபார்ப்பதுதான் திறமையே.

2006-இல் வந்த வீ கன்சோல் எதிர்த்திசையில் போனது. டிவியின் அருகில் வைத்த பட்டையிலிருந்து அகச்சிவப்பு ஒளி வரும், ரிமோட்டின் முனையிலுள்ள கேமரா அதைப் பார்த்துக் கை எங்கே காட்டுகிறது என்று கணக்கிடும். திரைக்குள் குறிபார்ப்பது அபாரமாக இருந்தது. திரைக்கு வெளியே இருப்பவனைப் பார்க்கத் திரும்புவதில்தான் சிக்கல். குறியைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோனால்தான் பார்வை சுழலும். சுழலாத நடுப்பகுதியைப் பெரிதாக வைத்தால் திரும்பத் தாமதமாகும், சிறிதாக வைத்தால் கை நடுங்கும்போதெல்லாம் உலகமே ஆடும். திருத்தத்தில் வென்ற முறை பாய்ச்சலில் தோற்றது.

மணிக்கட்டின் வருகை

பாய்ச்சலும் திருத்தமும் எதிரெதிராகக் கிடந்த இந்த நிலையில்தான் கைரோ வருகிறது. கன்ட்ரோலருக்குள் இருக்கும் கைரோ ஒரு சிறிய சிலிக்கான் சில்லு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறை ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். கன்ட்ரோலரைத் திருப்பும்போது கோரியோலிஸ் விசை அந்த நிறையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தச் சிறு விலகலை மின்தேக்குத் திறனின் மாற்றமாகச் சில்லு படித்துக்கொள்கிறது. சில்லு சொல்வது திரும்பும் வேகத்தை. கேம் அதைக் கூட்டிக்கொண்டே வர, கை திரும்பிய கோணம் கிடைக்கிறது. எனவே கை 5 டிகிரி திரும்பினால் பார்வையும் அதற்கேற்ற அளவு திரும்பி அங்கேயே நிற்கும். மவுஸுக்கு இருக்கும் அதே இடக் கட்டுப்பாடு இது.

மணிக்கட்டால் முழுச் சுற்று சுற்ற முடியாது. அதற்குத்தான் ஸ்டிக் இருக்கிறது. 2015-இல் வந்த நின்டெண்டோவின் 'ஸ்ப்ளட்டூன்' இந்தக் கூட்டணியைக் குழந்தைகளுக்கும் எளிதாக்கியது. பெரிய திருப்பத்தை வலது ஸ்டிக் பார்த்துக்கொள்ளும், மேலும் கீழும் குறிபார்ப்பதும் கடைசிக் கையளவு திருத்தமும் கன்ட்ரோலரைச் சாய்ப்பதில் வரும். கை கோணலாகிவிட்டால் ஒரு பட்டனை அழுத்தி நேராக்கிக்கொள்ளலாம். செல்போனில் பப்ஜி ஆடிய நம் ஊர்ப் பிள்ளைகள் பலர், பெயர் தெரியாமலே இந்த அறிவியலைக் கையில் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி மேல்நோக்கி எகிறும்போது போனைச் சற்றே முன்னால் சாய்த்து அடக்குகிறார்களே, அது இந்தத் திருத்தம்தான்.

இதற்கு மேலும் ஓர் அடி எடுத்து வைத்தவர் ஜிப் ஸ்மார்ட் என்ற கேம் நிரலாளர். ஃப்ளிக் ஸ்டிக் என்று அவர் பெயரிட்ட முறையில் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் பார்வை உடனே வலப்பக்கம் 90 டிகிரிக்குத் திரும்பிவிடும். பின்னால் இழுத்தால் முதுகுப்பக்கம். ஸ்டிக் காட்டுவது இப்போது திசையை, வேகத்தை இல்லை. எந்தத் திசையிலிருக்கும் எதிரியானாலும் ஒரே தட்டலில் குறியின் பக்கத்தில் வந்துவிடுகிறான், மிச்சமுள்ள சில டிகிரிகளை மணிக்கட்டு முடிக்கிறது. ஃபிட்ஸின் கணக்கில் எய்ம் அசிஸ்ட் இலக்கை அகலமாக்கியது என்றால், இது தூரத்தைச் சுருக்குகிறது. அதுவும் ஆடுபவரின் கையாலேயே. 2022-இல் 'ஃபோர்ட்நைட்' இந்த முறையைச் சேர்த்துக்கொண்டது.

தீர்ப்பு

என் முடிவைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். சுடும் திறமையே முக்கியமான கேமுக்கு, பாய்ச்சலுக்கு ஸ்டிக், திருத்தத்துக்குக் கைரோ என்ற பங்கீடுதான் கன்சோலில் உள்ளவற்றில் கையின் இயல்புக்கு மிக நெருக்கமானது. அப்படியிருந்தும் 2020-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்ட்ரோலரில்கூடக் கைரோ இல்லை. கைரோ உள்ள கன்சோல்களிலும் அதைப் பயன்படுத்தாத கேம்கள் ஏராளம். சில்லு கையில் இருக்கும்போதே அதை முடக்கி வைப்பது ஆட்டக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

அதற்காக மற்ற முறைகளை ஒதுக்கிவிடக் கூடாது. மணிக்கட்டைத் திருப்ப முடியாதவர்களும் ஒற்றைக் கையால் ஆடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக 2018-இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் வந்தது. பூட்டிக்கொள்ளும் பார்வையும் தாராளமான எய்ம் அசிஸ்டும் அவர்களுக்கு விளையாட்டின் கதவையே திறந்துவிடுகின்றன. 2023-இல் மறுவடிவமாக வந்த 'மெட்ராய்டு பிரைம்' இரட்டை ஸ்டிக், பழைய ஒற்றை ஸ்டிக் முறை, சுட்டிக் காட்டும் முறை, கைரோ கலந்த முறை எல்லாவற்றையும் ஒரே மெனுவில் வைத்தது. எல்லா கேம்களும் பின்பற்ற வேண்டிய வழி அது.

ஆடுகிறவர்கள் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. முதலில் டெட் ஸோனைப் பாருங்கள். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது எழும் சிறு சலனங்களைக் கேம் கண்டுகொள்ளாத பகுதி அது. பார்வை தானாக நகராத அளவுக்கு மட்டும் அதை வைத்து, மிச்சத்தைக் குறைத்துவிடுங்கள், மெல்லிய அசைவுகள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அடுத்து, சாய்வுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் வளைவு. தொடக்கத்தில் மெதுவாக ஏறும் வளைவு நுணுக்கமாகக் குறிபார்க்க உதவும், நேர்கோடு உடனடிப் பதிலைத் தரும். கைரோ இருந்தால் துப்பாக்கியைக் கண்ணருகே உயர்த்தும்போது மட்டும் அது இயங்கும்படி வைத்துத் தொடங்குங்கள். முதல் சில நாட்கள் பழையதைவிட மோசமாகத்தான் ஆடுவீர்கள். கை புதிய கணக்கைக் கற்றுக்கொள்ள அவகாசம் கேட்கிறது, அதைக் கொடுத்தபிறகு தீர்ப்பு சொல்லுங்கள்.

கேம் செய்கிறவர்களிடம் கேட்க வேண்டியது இரண்டு. எய்ம் அசிஸ்ட் எவ்வளவு உதவுகிறது என்பதை மறைக்காமல் எண்ணாகச் சொல்லுங்கள். கன்ட்ரோலரில் உள்ள ஒவ்வொரு உணரியையும் பட்டனையும் விருப்பப்படி மாற்றிக்கொள்ள விடுங்கள். கைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லாதபோது, ஒரே ஓர் அமைப்பை எல்லோர் மேலும் திணிப்பதற்கு எந்த அறிவியலும் துணை நிற்காது.